கதவும் மீன்காரியும்

அநியாயம் செய்யப்பட்டது எனக்கு. பேச்சியம்மாள், மொழியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு, பெண்கள் விடுதி, மேல்மாடி. செய்தவன் மகிழ்நன், இயற்பியல் ஆராய்ச்சி மாணவன். செய்த விதம்: என்னிடம் ஆட்டத்தில் தோற்றுவிட்டு, எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, கையில் மிச்சமிருந்த சீட்டுகளில் ஒன்றை எல்லாருக்கும் தெரியும்படி மேசையில் திருப்பி வைத்து, "பாருங்க, கேடயம் கையிலதான் இருந்துச்சு. போடல. பொம்பளப் பிள்ளை, முதல் தடவையா இவ்வளவு தூரம் வந்திருக்கு. விட்டுக்கொடுத்தேன்" என்றான். அவ்வளவுதான். அடித்தானா, இல்லை. திட்டினானா, இல்லை. கை தட்டினார்கள். எனக்கல்ல, அவனுக்கு. ஜெயித்தவள் உட்கார்ந்திருக்க, தோற்றவனுக்குக் கைதட்டல் விழுந்த ஆட்டம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். பங்குனி வெயிலில் சொன்ன சொல், இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது, இன்னும் அது வேகாத பருப்பு மாதிரி எனக்குள் கிடந்து உருளுகிறது. நான் சும்மா இருந்தேனா? என் பேரிலேயே பேச்சு இருக்கிறது. விடுதியில் பேசினேன், நூலகப் படிக்கட்டில் பேசினேன், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அக்காவிடம்கூடப் பேசினேன். அவன் கேடயம் போடாததற்குக் காரணம் கருணை இல்லை, நான் வலை வீசுவேன் என்று நினைத்தான், வலைக்குக் கேடயம் உதவாது, விலகத்தான் வேண்டும், அதனால் நகர்வுச் சீட்டைப் போட்டான், நகர்ந்தான், நான் வீசவில்லை, அவன் நகர்ந்து நின்றதோ என் சூலம் எட்டுகிற இடம், குத்தினேன், ஆக ஏமாந்தான், இதில் எங்கே இருக்கிறது கொடை? கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், தலையாட்டிவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஜெயிச்சவ ஏம்ட்டி இவ்வளவு கோவப்படுத?" அவன் மனசுக்குள் நடந்ததற்கு அவன் ஒருத்தன்தான் சாட்சி. நான் எதை வைத்து மறுக்க? விளக்க விளக்க என் குரல் ஏறியது, என் குரல் ஏற ஏற அவன் பெருந்தன்மை வளர்ந்தது. அவன் செய்த பிழை அவனுக்குக் கருணை ஆயிற்று, நான் செய்த சரி எனக்கு அதிர்ஷ்டம் ஆயிற்று. இந்தக் கணக்கை யார் போட்டது?

இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அதே சட்டை இல்லை, ஆனால் அதே சட்டையை இழுத்துவிடுகிற கை. கேன்டீனுக்கு மேலே இருக்கிற கூடம், கீழே கொத்துப் பரோட்டா கல்லில் கரண்டிகள் கொட்டுகிற சத்தம், சால்னா வாசனை படியேறி வருகிறது, ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் ஆடிக் காற்று சீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது, அதனால் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரைச் சீட்டுக்கட்டின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறோம். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் நீளமான பெயர் இருக்கிறது, நாங்கள் மணல் என்போம். "மணலுக்கு வாரியா?" என்று கேட்டால் போதும். ரோமாபுரியில் மனிதனை மனிதன் வெட்ட, சுற்றி உட்கார்ந்து கூட்டம் பார்த்ததே, அதுதான். பலகையில் வட்டமான மணல், தேன்கூடு மாதிரிக் கட்டங்கள், இரண்டு வீரர்கள், அவரவர்க்கு ஒரு கட்டுச் சீட்டு. அந்தக் கட்டுதான் உயிர். அடி பட்டால் கட்டிலிருந்து சீட்டு போகும், கட்டு தீர்ந்தால் ஆள் விழுந்தான். கையில் எப்போதும் ஐந்து சீட்டு, சுற்றுக்கு ஒன்றை இருவரும் கவிழ்த்து வைக்க வேண்டும், ஒன்றாகத் திருப்ப வேண்டும், குறைந்ததற்குக் கட்டிலிருந்து எடுக்க வேண்டும். நகர்வு முந்தும், அடுத்தது சூலக்குத்து, வாள் கடைசியில், முந்திய அடி பட்டால் பிந்திய அடி செல்லாது. "வைங்க" என்கிறார் ஜெயசிங் அண்ணன். பெட்டிக்குச் சொந்தக்காரர், வரலாற்றுத் துறை, எந்த ஆட்டத்துக்கும் அவர்தான் நடுவர். "திருப்புங்க." நான் நகர்வு, அவன் வாள். வாள் காற்றை வெட்டுகிறது. மகிழ்நன் எப்போதும் எடுப்பது உடம்பு முழுக்க மறைக்கிற பெரிய கேடயக்காரனை, அதற்கு எங்கள் கூடத்தில் வைத்த பேர் கதவு. நான் எப்போதும் எடுப்பது வலையும் சூலமும் வைத்திருப்பவனை, அதற்குப் பேர் மீன்காரன், நான் எடுத்ததிலிருந்து மீன்காரி. கதவுக்கு முகம் முழுக்க இரும்பு, கண்ணுக்கு மட்டும் இரண்டு பொத்தல். மீன்காரனுக்குத் தலையில் ஒன்றும் கிடையாது, அழுதால் தெரியும், பயந்தால் தெரியும். அந்தக் காலத்திலேயே அவனை மட்டம் என்றுதான் நினைத்தார்களாம், முகம் தெரிய நிற்பவனுக்கு என்ன மரியாதை என்று. எனக்கு அதனால்தான் பிடித்தது. எனக்குப் பின்னால் ரஹ்மத் நிற்கிறாள், என் அறைத்தோழி, மேலப்பாளையத்துக்காரி, என் சீட்டுகள் தெரிகிற ஒரே ஆள், அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறது, மூச்சை வைத்தே என் கை நல்லதா கெட்டதா என்று எதிரே இருப்பவன் கண்டுபிடித்துவிடுவான் போல. "மூச்ச மெதுவா விடுட்டி" என்கிறேன். "மூச்சயும் விடக்கூடாதா? சரி, செத்துப்போறேன்" என்கிறாள்.

விடுதல். எல்லாம் அந்த விடுதலில்தான் வந்து நிற்கிறது. விடு, கொடு, இரண்டு வினை, ஒட்டினால் ஒரு குணம். என்னிடம் சிறுவயதிலிருந்து கேட்கப்பட்ட குணம். பேருந்தில் ஜன்னல் ஓரம், "தம்பிக்கு விட்டுக்கொடு." மீன்குழம்பில் தலை, "தம்பிக்கு விட்டுக்கொடு." டி.வி. ரிமோட், முதல் தோசை, கொடியில் கிடக்கும் துண்டுகளில் காய்ந்த துண்டு. "பொம்பளப் பிள்ளைன்னா விட்டுக்கொடுத்துத்தாம்ட்டி போணும்" என்று அம்மா சொல்லும்போது அவள் குரலில் கோபம்கூட இருக்காது, மழை பெய்யும் என்கிற மாதிரி சொல்வாள். அவ்வளவு கொடுத்திருக்கிறேனே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது கை தட்டினார்களா? ஆயிரம் தடவை நான் செய்தால் வளர்ப்பு, ஒரே தடவை அவன் செய்ததாகச் சொன்னால் வள்ளல். சீட்டைப் பார், பேச்சி, சீட்டைப் பார். குத்து ஒன்று, வலை ஒன்று, நகர்வு இரண்டு, ஒரு கல்வீச்சு. இந்தச் சுற்றுக்குக் கல் போதும். "வைங்க. திருப்புங்க." கல், அவன் நகர்வு, கல் விழவில்லை. போகட்டும். ஒரு வகுப்பில் வேற்றுமை உருபுகள் நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் திடீரென்று நாக்கு வறண்டது. விட்டுக்கொடு என்ற வினைக்கு நான்காம் வேற்றுமை போட்டால் ஒரு அர்த்தம், இரண்டாம் வேற்றுமை போட்டால் வேறொன்று. எனக்கு விட்டுக்கொடுத்தான் என்றால் தன்னுடையதை எனக்குத் தந்தான். என்னை விட்டுக்கொடுத்தான் என்றால் நாலு பேர் முன்னால் என்னைக் கைவிட்டான், தாழ்த்தினான். வீட்டில் புருஷனை ஆயிரம் ஏசினாலும் வெளியே யாரிடமும் அவரை விட்டுக்கொடுக்கமாட்டாள் என்கிறோமே, அந்த விட்டுக்கொடு. மகிழ்நன் சொன்னது கு, செய்தது ஐ. ஓர் உருபில் ஒளிந்துகொண்டு நின்றான். அன்றைக்கு வகுப்பு முடிந்து ஓடிவந்து ரஹ்மத்திடம் சொன்னேன், கண்ணெல்லாம் எரிய எரியச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சரிட்டி. நான் ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. நெசமாவே அவன் விட்டிருந்தான்னா?" என்றாள். அவளுமா? நான் ஒன்றும் பேசாத ராத்திரி அது ஒன்றுதான் என்று பிற்பாடு அவளே சொன்னாள். "சவத்த விடுட்டி, இன்னொருக்கா ஆடி அடி" என்றும் சொன்னாள். அதற்குத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு தடவை ஜெயிப்பதற்கு இல்லை. ஜெயித்தது நான்தான் என்பதற்கு.

வாள். பட்டுவிட்டது. கவனம் எங்கேயோ போயிருந்தது, என் கட்டிலிருந்து சீட்டுகள் போகின்றன, டம்ளரைத் தூக்கி எண்ணி எடுத்து ஓரத்தில் போடுகிறேன். மகிழ்நன் சிரிக்கிறான். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் கொடுமை, நல்லவன் சிரிப்பு. "பாத்து ஆடு பேச்சி" என்கிறான். "நீ உன் கார்டைப் பாரு" என்கிறேன். "எதுக்குக் கோவம்? நல்லதுக்குத்தான சொன்னேன்." நல்லதுக்கு. இவனை வெறுத்துத் தொலைக்கலாம் என்றால் அதுவும் முடியாது, விடுதிச் சோற்றுக்குப் போராட்டம் நடந்தபோது இவன் எங்களோடு வெயிலில் உட்கார்ந்தவன், என் சைக்கிள் சங்கிலியை ஒரு தடவை மாட்டிக் கொடுத்தவன். நல்லவன் சொன்ன பொய்யை எதிர்ப்பது எவ்வளவு சிரமம், கெட்டவன் என்றால் பாதி ஊர் நம் பக்கம் வந்திருக்கும். "வைங்க. திருப்புங்க." குத்து, அவன் வாள், சூலம் நீளம், முதலில் பட்டது, அவன் கட்டிலிருந்து சீட்டுகள் போகின்றன, பின்னாலிருந்து ஒருவர், "ஏ, மீன்காரி குத்திட்டா!" எனக்குள் ஒரு மாடு துள்ளுகிறது, உடனே அதன் பின்னாலேயே அந்த நினைவும் வருகிறது, எப்போதும் வருவதுதான், கேரம் பலகை. அப்பாவும் நானும். சிவப்புக் காய் பாக்கெட் வாயில் நிற்கும், ஊதினால் விழும், அப்பா ஸ்டிரைக்கரை வைத்து ஒரு கண்ணை மூடிக் குறி பார்ப்பார், விடுவார், படாது. "அடடா, போச்சே" என்பார். நான் குதிப்பேன். ஒரு நாள் அவர் விரலைப் பார்த்தேன். மற்ற நேரம் விறைப்பாக இருக்கும் பெருவிரல், சிவப்பு வாயில் நிற்கும்போது மட்டும் தளர்ந்துபோகிறது. அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்து அழுதேன், அப்பா குனிந்து, "ஜெயிச்சதுக்கு ஏம்மா அழுத?" என்றார். அதுவரை நான் ஜெயித்ததெல்லாம் என்ன? எத்தனை ஜெயம் எனக்கு யாரோ வாயில் ஊட்டியது? பள்ளியில் வாங்கிய பரிசு? பேச்சுப் போட்டிக் கோப்பை? இந்தச் சந்தேகம் ஒரு தடவை நுழைந்தால் பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் அரிக்கும், கரையான் மாதிரி. மகிழ்நன் அன்றைக்கு அந்தக் கரையானைத்தான் மறுபடி தட்டிவிட்டான், அவனுக்குத் தெரியாமலே. இல்லை, அவன் விடவில்லை. விட்டுக்கொடுக்கிறவன் உடம்பு எனக்குத் தெரியும், தளர்ந்திருக்கும். அன்றைக்குச் சூலம் விழுந்ததும் இவன் காது சிவந்தது, இரண்டு காதும், செம்பருத்தி மாதிரி. தானம் செய்தவனுக்குக் காது சிவக்குமா? ஆனால் காதைக் கொண்டுபோய் யாரிடம் சாட்சி வைப்பது?

இப்போதும் காது சிவந்திருக்கிறது. அவன் கட்டு மெலிந்துவிட்டது, டம்ளர் கிட்டத்தட்டப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டது. இன்னொரு குத்து பட்டால் விழுவான். போன சுற்றில் போட்டது போக இன்னொரு குத்து இப்போதுதான் என் கைக்கு வந்தது. அவன் கையில் ஐந்து சீட்டு, விசிறி மாதிரிப் பிடித்திருக்கிறான். எடுக்கிறான், வைக்கிறான், மாற்றுகிறான், இடம் மாற்றி அடுக்குகிறான், ஆனால், பொறு, அந்த இடதுகை ஓரத்துச் சீட்டு. அது நகரவே இல்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அதன் மேல் அவன் விரல் போகவில்லை, புதிது வந்தாலும் அதற்கு வலப்புறமாகவே செருகுகிறான். அது என்ன? போன சுற்றில் நான் குத்தியபோது அவன் ஏன் வாளைப் போட்டான், கதவைப் பிடித்தவன் கதவை ஏன் மூடவில்லை? தலைக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்புகிறது, பூட்டில் சாவி திரும்புகிற மாதிரி. அது கேடயம். போடுவதற்கு இல்லை, காட்டுவதற்கு. தோற்றால் திருப்பி வைப்பதற்கு. அன்றைக்குத் தற்செயலாகக் கையில் நின்ற சீட்டு அவனுக்குக் கைதட்டல் வாங்கித் தந்தது, இன்றைக்கு முன்னேற்பாடாகவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாலு சீட்டில் ஆடுகிறான், ஐந்தாவதைச் சான்றிதழாகப் பத்திரப்படுத்தியிருக்கிறான். அட பாவி! அந்தச் சான்றிதழுக்காகத்தான் போன குத்தை மார்பில் வாங்கினாய், கேடயத்தைப் போட்டிருந்தால் இந்நேரம் என்னை வெட்டிச் சாய்த்திருப்பாய். தோல்விக்குச் சாக்கை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தச் சாக்காலேயே தோற்கிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன். சிரிப்பு வருகிறது, உதட்டைக் கடிக்கிறேன். "வைங்க" என்கிறார் ஜெயசிங் அண்ணன். குத்து என் விரலில் இருக்கிறது. இப்போது குத்தினால் செத்தான், அந்தக் கேடயத்தை அவன் எடுக்கமாட்டான், எனக்குத் தெரியும். செத்துவிட்டுத் திருப்பி வைப்பான். "பாருங்க, இன்னைக்கும்..." என்பான். மறுபடி கைதட்டல். மறுபடி நான் நூலகப் படிக்கட்டில் நின்று கத்துவேன். ரஹ்மத் என் காதில், "குத்துட்டி. குத்து. ஏன் யோசிக்க?" என்கிறாள். இந்த ஜெயத்தை எடுத்துக்கொண்டால் அதுவும் எனக்கு இல்லை. எடுக்காமல் விட்டால்? அப்போது நான் அவனுக்கு விட்டுக்கொடுக்கிறேனா? இதென்ன கேலிக்கூத்து, வேண்டாம் வேண்டாம் என்று ஓடியவள் அதே சொல்லின் வாசலிலேயே வந்து நிற்கிறேன். இல்லை. இது வேறு. விட்டுக்கொடுப்பவன் சின்னதோடு திருப்தி அடைபவன். நான் பெரியதைக் கேட்கிறேன். "பேச்சி, வை" என்கிறார் அண்ணன். வைத்துவிட்டேன்.

"திருப்புங்க." வலை. கூடம் முழுக்க ஒரு சத்தம், பஸ் பிரேக் போட்டால் உள்ளே நிற்பவர்கள் போடுவார்களே அது மாதிரி. குத்தி முடிக்க வேண்டிய நேரத்தில் வலைக்கு மதிப்பே கிடையாது, அது ஒரு சீட்டையும் பறிக்காது, வலையால் செத்தவன் எவனும் இல்லை என்பது எங்கள் கூடத்துப் பழமொழி. அவன் போட்டது வாள். வலை அவன் மேல் விழுந்தது, வாள் என் மேல் விழுந்தது, என் சீட்டுகள் கொத்தாகப் போகின்றன, என் டம்ளரும் பலகையில் உட்கார்ந்துவிட்டது, இன்னொரு வாள் பட்டால் நான் இல்லை. "ஏட்டி, லூசாட்டி நீ?" என்று ரஹ்மத் வாய்விட்டே கத்திவிட்டாள், "குத்து வச்சுக்கிட்டு வலைய வீசுதா!" ஆக என் கையில் குத்து இருப்பது ஊருக்கே தெரிந்தாயிற்று. தெரியட்டும். நல்லது. "அண்ணே, வலை விழுந்தா விதி என்ன?" என்று கேட்கிறேன், எனக்குத் தெரியும், அவர் வாயால் வரவேண்டும். ஜெயசிங் அண்ணன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "வலையில கிடக்கவன் கைச் சீட்டத் திருப்பி வச்சுத்தான் ஆடணும். புதுச் சீட்டு எடுக்க முடியாது. வலைய அறுக்கணும்னா ஒரு சுத்து சும்மா நிக்கணும்" என்கிறார். சும்மா நின்றால் குத்துவேன், அவனுக்கும் தெரியும். மகிழ்நன் ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறான். வலமிருந்து தொடங்குகிறான். வாள். வாள். நகர்வு. நிற்கிறான். "அந்த ஓரத்துலயும் ஒண்ணு இருக்கே" என்கிறேன். திருப்புகிறான். கேடயம். வேதியியல்காரப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, சத்தியமாக எந்த உள்நோக்கமும் இல்லாமல், "அண்ணே, கேடயம் இருந்துச்சா? அப்ப முன்னாடி குத்தினப்ப ஏன் போடல?" என்றான். "வச்சிருந்தேன்" என்றான் மகிழ்நன். "எதுக்குண்ணே?" மகிழ்நன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கீழே கரண்டிகள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு நான் பங்குனியிலிருந்து பதில் எழுதிக்கொண்டிருந்தேன், பக்கம் பக்கமாக. அந்தப் பையன் இரண்டு சொல்லில் கேட்டுவிட்டுக் கையிலிருந்த முறுக்கைக் கடித்தான்.

இனி ஒளிய இடமில்லை, அவனுக்கும் எனக்கும். அவன் கை மேசை மேல், எல்லார் கண்ணிலும். "யாரு வேணும்னாலும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்க" என்கிறேன், "எனக்கு ஆட்சேபணை இல்ல. எல்லாரும் சேர்ந்து ஆடுங்க." "திமிரப் பாரு" என்கிறது ஒரு குரல், ஆனால் நாற்காலிகள் நகர்கின்றன, அவன் பக்கம் கூடிவிட்டார்கள், ஒரு கல்யாணப் பந்தியே அவன் தோளுக்குப் பின்னால். "கேடயத்தப் போடுல, இப்ப குத்துவா." "ஆமா, அவகிட்ட குத்து இருக்கு, அந்தப் பிள்ளை கத்துச்சுல்லா." அவன் கேடயத்தை எடுக்கிறான், அந்த இடதுகை ஓரத்திலிருந்து, முதல் தடவையாக, விளையாடுவதற்காக. திருப்புங்க. கேடயம். நான் போட்டது நகர்வு. சும்மா ஒரு நகர்வு, ஒரு கட்டம் பின்னால், கதவை மூடியவன் முன்னால் காற்று. கேடயம் போய்விட்டது, ஆடி முடித்த சீட்டுகளோடு கவிழ்ந்து படுத்துவிட்டது, இனி எழுந்து வந்து யாருக்கும் சாட்சி சொல்லாது. மிச்சம்: வாள், வாள், நகர்வு. "இப்பக் கண்டிப்பா குத்துவா. நகந்துரு மக்கா, நகர்வுதான் சூலத்த முந்தும்." சரியான யோசனை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். அதனால்தான் நான் குத்தப் போவதில்லை. ஆனால் இவன் அவர்கள் பேச்சைக் கேட்காமல் நின்றால்? வாளைப் போட்டால்? போட்டால் போடட்டும், நான் நகர்ந்திருப்பேன், வாள் மணலைத்தான் வெட்டும். நகர்ந்து என்னை நோக்கி வந்தால்? வரட்டும், பக்கத்தில் வந்தால் என்ன, சூலம் வாளை முந்தும். எல்லா வாசலையும் ஒரு தடவை தள்ளிப் பார்க்கிறேன். எல்லாம் பூட்டியிருக்கிறது. அவன் என் கண்ணைப் பார்க்கிறான், நான் பார்க்கவிடுகிறேன், மீன்காரிக்கு மூட இரும்பு கிடையாது. திருப்புங்க. அவன் நகர்வு. நான் நகர்வு. அவன் போன இடத்துக்கு எதிரே, சூலம் எட்டுகிற தூரத்தில்.

இப்போது அவன் முன்னால் இரண்டு சீட்டு. வாள், வாள். என் கையில் குத்து இருப்பது கேன்டீன் மாஸ்டருக்குக்கூடத் தெரிந்திருக்கும். யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, அதைக் குடிக்கலாம் போல இருந்தது. "சொல்லுங்க" என்றேன், "எதப் போட்டா பிழைப்பான்?" ஒருத்தர், "இந்த வாளு..." என்று தொடங்கி நிறுத்தினார். "அறுத்தா?" என்றது இன்னொரு குரல். "சும்மா நின்னா குத்து விழும்ல மடையா." "அப்ப அந்த வாளு?" "ரெண்டும் ஒரே வாளுதாம்ல." வேதியியல் பையன் விரல் விட்டு எண்ணினான், மறுபடி எண்ணினான். ஜெயசிங் அண்ணனே விதிப் புத்தகத்தைப் புரட்டினார், அவர் புரட்டி நான் பார்த்ததில்லை, புரட்டிவிட்டு மூடினார். "வழியில்ல" என்றார். வழி இல்லை. அவன் மனசுக்குள் என்ன இருந்தால் எனக்கு என்ன, இன்றைக்கு மனசுக்கு வேலையே இல்லை, கருணை வேண்டுமானால் அது உட்காரக்கூட ஒரு காலி நாற்காலி இல்லை அந்தக் கூடத்தில். இதைத்தான் நான் கேட்டேன். அப்பாவின் தளர்ந்த பெருவிரலிடம் கேட்டேன், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து கேட்டேன். கரையான் அரிக்க முடியாத ஒன்று, இரும்பாக ஒன்று, என்னுடையதாக ஒன்று. "வைங்க" என்றார் அண்ணன், பழக்கதோஷம். அவன் ஒரு வாளை வைத்தான். நான் கவிழ்த்துக்கூட வைக்கவில்லை, முகம் தெரியவே வைத்தேன். குத்து.

ரஹ்மத் போட்ட கூச்சலில் என் இடது காது இன்னும் இரைகிறது. அவள் என் தலைமுடியைக் கலைக்கிறாள், முதுகில் குத்துகிறாள், "மீன்காரி! எங்க மீன்காரி!" என்கிறாள், யாரோ மேசையைத் தட்டுகிறார்கள், ஒருத்தர் தட்ட எல்லாரும் தட்டுகிறார்கள், டம்ளர்கள் குதிக்கின்றன, இந்தத் தடவை யாருக்கு என்று சந்தேகமே வேண்டாம், எல்லா முகமும் என் பக்கம். விதிப்படி இன்னும் ஒன்று பாக்கி. விழுந்தவன் சுட்டுவிரலை உயர்த்தி உயிர் கேட்க வேண்டும், ஜெயித்தவர் தரலாம், மறுக்கலாம். மகிழ்நன் கூரையைப் பார்த்தான், காற்றாடியைப் பார்த்தான், பிறகு விரலை மெதுவாக மேலே தூக்கினான். "டீச்சர், ஒண்ணுக்கு!" என்றாள் ரஹ்மத். கூடம் வெடித்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகிழ்நனும் சிரித்துவிட்டான், சிரிக்காமல் இருக்க முடியாது, தூக்கிய விரலோடு அவன் நிஜமாகவே மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரிதான் இருந்தான். "என்ன சொல்லுத பேச்சி, உயிரக் கொடுக்கியா?" என்றார் அண்ணன். "போகட்டும்ணே, வாழட்டும்" என்றேன். சீட்டுகளை அடுக்கத் தொடங்கினோம். காற்று ஜன்னலைத் தள்ளியது. கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றது. அவன் தன் கட்டை டம்ளரால் தட்டிச் சமன் செய்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியும் இல்லாமல் கேட்காத மாதிரியும் இல்லாமல், "இன்னைக்கு நீ ஜெயிச்ச. ஒத்துக்கிடுதேன். நல்ல ஆட்டம்" என்றான். பிறகு காது சிவக்க, "ஆனா பங்குனியில ஆடினோம்லா, அது நெசமாவே நான் விட்டதுதான். அதையும் நீ ஒத்துக்கணும்" என்றான். ரஹ்மத்தின் கை என் தோளில் இறுகியது, நான் இப்போது பேச ஆரம்பிப்பேன் என்று அவளுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாகவே உட்கார்ந்தார். எனக்குள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன: நகர்வுக்கும் வலைக்கும் உள்ள தொடர்பு, ஓரத்துச் சீட்டு, நான்காம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, காது. ஒவ்வொன்றும் கூர் தீட்டி, எண்ணெய் போட்டு. தொண்டை வரை வந்தன. அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு பழைய ஆட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அதை விட்டால் அவனிடம் வேறொன்றும் இல்லை, எனக்கோ பசித்தது, கீழே பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது, என் கை நிறைந்திருந்தது.

"சரி, அத நீயே வச்சுக்கோ" என்றேன்.